கீறலையும் அளந்து செய்த கிட்டார்கள்

ஒரு கலைஞர் பல ஆண்டுகள் மேடையில் வாசித்துத் தேய்த்த எலக்ட்ரிக் கிட்டாரை, அதன் கீறலும் துருவும் மாற்றிப் போட்ட திருகும் உட்பட அப்படியே திரும்பச் செய்து, இத்தனைதான் என்று எண்ணிக்கை வைத்து விற்பது 1990களில் அமெரிக்காவில் வேர் பிடித்த தொழில். கலிபோர்னியாவின் ஃபெண்டர், டென்னசியின் கிப்சன் ஆகிய இரண்டு நிறுவனங்களே இதில் பெரும்பங்கைச் செய்துவந்திருக்கின்றன. இந்த நகல்களைத் தேடி வாங்கிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் மட்டுமின்றி பிரிட்டன், ஜப்பான் எனப் பல நாடுகளிலும் இருக்கிறார்கள்.

நகலை வேறு இரண்டு வகைகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது எளிது. கலைஞரின் பெயரைத் தாங்கி வரும் புதிய வடிவமைப்பு ஒரு வகை. கிப்சன் 1952-இல் லெஸ் பாலின் பெயரில் வெளியிட்டதும், ஃபெண்டர் 1988-இல் எரிக் கிளாப்டனின் பெயரில் வெளியிட்டதும் அப்படிப்பட்டவை. அவை கலைஞரின் விருப்பப்படி செய்யப்பட்ட புதுக் கிட்டார்கள். எந்த ஒரு பழைய கிட்டாரையும் அப்படியே நகலெடுத்தவை அல்ல. மறுவெளியீடு இன்னொரு வகை. அதில் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் தயாரிப்பு முறை திரும்பக் கொண்டுவரப்படும். நகலோ உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கும் ஒரு கிட்டாரை மூலமாகக் கொண்டது. அந்த மூலம் விழுந்து உடைந்தது, பழுது பார்க்கப்பட்டது, வெயிலில் நிறம் மாறியது எல்லாமே நகலில் இடம்பெற வேண்டும்.

பழைய கிட்டார்களுக்கு இத்தனை மதிப்பு வந்த காரணத்தை அறிய 1950களுக்குப் போக வேண்டும். லியோ ஃபெண்டரின் ஃபுல்லர்டன் தொழிற்சாலையிலிருந்து 1951-இல் டெலிகாஸ்டரும் 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டரும் வந்தன. அப்போது மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் இருந்த கிப்சன், 1958 முதல் 1960 வரை லெஸ் பால் கிட்டாரைச் செம்மஞ்சள் சாயலோடு தீட்டி விற்றது. தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகமான பிக்கப்பை, ஹம் என்ற இரைச்சலை நீக்கும் வகையில் அந்நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்திருந்தார். காப்புரிமை இன்னும் கிடைக்காததால் ‘விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற பொருள்படும் சிறு வில்லை அதன் அடியில் ஒட்டப்பட்டது. அந்த மூன்று ஆண்டுகளில் சன்பர்ஸ்ட் எனப்படும் இந்த லெஸ் பால் கிட்டார்கள் சுமார் 1,500 மட்டுமே செய்யப்பட்டன. விற்பனை மந்தமாக இருந்ததால் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டது.

இந்த சன்பர்ஸ்ட் சாயத்தில் ஒரு குறை இருந்தது. விளிம்பில் பூசிய சிவப்பு வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய கிட்டார் எலுமிச்சை மஞ்சளானது. பெட்டிக்குள்ளேயே கிடந்தது செர்ரிச் சிவப்பாகவே நின்றது. சில தேன் நிறத்துக்கும் புகையிலை நிறத்துக்கும் போயின. 1960-இல் வெளுக்காத சாயம் வந்ததும் இந்த வேறுபாடு நின்றது. ஒரே அச்சில் செய்த கிட்டார்கள் ஒவ்வொன்றும் தனித்த முகம் பெற்றதற்கு அந்தக் குறைதான் காரணம். பிற்காலச் சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு கிட்டாரையும் ஆளை அடையாளம் காண்பதுபோல் அடையாளம் கண்டு, அதற்குப் பெயர் வைத்து, கைமாறிய வரலாற்றை எழுதி வைத்ததும் இதனால்தான்.

கைவிடப்பட்ட லெஸ் பாலை 1960களின் நடுவில் பிரிட்டனின் இளம் புளூஸ் கலைஞர்கள் பழைய பொருள் கடைகளில் தேடி எடுத்தனர். ஜான் மேயாலின் குழுவோடு கிளாப்டன் 1966-இல் பதிவுசெய்த இசைத்தட்டில் கேட்ட கனத்த ஒலி அந்தக் கிட்டாரின் விதியை மாற்றியது. தேவை பெருகியதைக் கண்ட கிப்சன் 1968-இல் லெஸ் பாலைத் திரும்பவும் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் அப்போது இரு நிறுவனங்களும் கைமாறும் காலம். ஃபெண்டரை 1965 ஜனவரியில் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. கிப்சன் 1969-இல் நார்லின் குழுமமாக மாறவிருந்த நிறுவனத்தின் கைக்குப் போனது. உற்பத்தி வேகம் கூடியது. மரத்தேர்விலும் பூச்சிலும் கவனம் குறைந்தது. இந்தக் குறை பெருமளவு உண்மை, கொஞ்சம் மிகை. ஆனாலும் வாசிப்பவர்கள் நம்பினார்கள். ‘சிபிஎஸ்ஸுக்கு முந்தையது’ என்ற சொல் விலையைக் கூட்டும் சொல்லானது.

அந்த இடைவெளியில் ஜப்பானியர்கள் நுழைந்தனர். டோக்காய், கிரெகோ, இபனேஸ் ஆகிய பெயர்களில் 1970களில் வந்த கிட்டார்கள் பழைய அமெரிக்க வடிவங்களை அமெரிக்கர்களைவிடத் துல்லியமாகப் பின்பற்றின. தலைப்பகுதியின் வடிவத்தை நகலெடுத்ததற்காக, இபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின் மீது நார்லின் 1977-இல் வழக்குத் தொடர்ந்தது. வழக்கைவிடப் பெரிய பாடம் ஒன்று இதில் இருந்தது. தங்கள் சொந்தப் பழைய கிட்டார்களை எப்படிச் செய்தோம் என்பதை இரு நிறுவனங்களும் மறந்துபோயிருந்தன. ஃபெண்டர் 1982-இல் 1950களின், 1960களின் மாதிரிகளை மறுவெளியீடாகக் கொண்டுவந்தபோது, பழையவற்றை வாங்கிவந்து அளந்துதான் வரைபடம் தயாரிக்க வேண்டியிருந்தது. இன்றைய நகல்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த அளவெடுக்கும் பழக்கம்தான்.

1985-இல் ஃபெண்டரின் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து நிறுவனத்தை சிபிஎஸ்ஸிடமிருந்து வாங்கினார்கள். பழைய தொழிற்சாலைக் கட்டடம் அந்த விற்பனையில் அடங்காததால், கொரோனா என்ற ஊரில் புதிதாகத் தொடங்கினார்கள். அங்கே 1987-இல் ஜான் பேஜும் மைக்கேல் ஸ்டீவன்ஸும் கஸ்டம் ஷாப் என்ற சிறிய பட்டறையை அமைத்தனர். வாடிக்கையாளர் கேட்டபடி ஒவ்வொரு கிட்டாராகக் கையால் செய்து கொடுப்பதே அதன் வேலை. கிப்சனும் 1986-இல் புதிய உரிமையாளர்களின் கைக்கு வந்தபின், நாஷ்வில்லில் தனியாக ஒரு கஸ்டம் பிரிவை 1993-இல் நிறுவியது. எண்ணிக்கை வைத்துச் செய்யும் நகல்களுக்கு வேண்டிய கையும் கருவியும் இந்த இரண்டு பட்டறைகளில்தான் சேர்ந்தன.

புதுக் கிட்டாரைப் பழையதாக்கும் வேலையின் தொடக்கத்தைப் பற்றித் தொழிலில் ஒரு கதை நிலைத்திருக்கிறது. ஃபெண்டர் கைவினைஞர் ஜே. டபிள்யூ. பிளாக் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்காகச் செய்துகொடுத்த கிட்டார்களைப் பார்த்த கீத் ரிச்சர்ட்ஸ், இவை மிகவும் புதிதாக இருக்கின்றன, கொஞ்சம் அடித்துத் தேய்த்துக் கொடுங்கள் என்றாராம். எப்படியிருந்தாலும் 1995 ஜனவரியில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் ஃபெண்டர் ‘ரெலிக்’ என்ற பெயரில் செயற்கையாகப் பழையதாக்கிய கிட்டார்களை வைத்தது. பார்த்தவர்களில் பலர் அவற்றை அசல் பழைய கிட்டார்கள் என்றே நினைத்தார்கள். அந்த முதல் ரெலிக்குகளின் உடலையும் கழுத்தையும் பூச்சிட்டுத் தேய்த்தவர் மிசௌரியில் தனிப் பட்டறை வைத்திருந்த வின்ஸ் குனெட்டோ. 1999 வரை அவரிடமே வேலை நடந்தது. பிறகு ஃபெண்டர் தன் கூரையின் கீழேயே அதைக் கொண்டுவந்தது.

இந்த வேலை பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும்; செய்தால்தான் கடினம் தெரியும். 1950களின் கிட்டார்களில் பூசியது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மரம் குளிரில் சுருங்கி வெப்பத்தில் விரியும்போது, காய்ந்து இறுகிய இந்தப் பூச்சால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் மேற்பரப்பெங்கும் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும். பிற்காலத்தில் வந்த பாலியஸ்டர் பூச்சில் இது நடக்காது. எனவே நகல் செய்பவர் முதலில் பழைய பூச்சுக்கே திரும்ப வேண்டும். பூசியபின் சிலர் கிட்டாரைக் கடுங்குளிரில் வைத்து உடனே வெப்பத்துக்குக் கொண்டுவந்து வெடிப்பு விழச் செய்கிறார்கள். கிப்சனுக்காகப் பல ஆண்டுகள் வேலைசெய்த டாம் மர்ஃபி சவர பிளேடால் ஒவ்வொரு வெடிப்பையும் கையால் கீறும் முறையைப் புகழ்பெறச் செய்தார். அவர் பெயரிலேயே கிப்சன் 2021-இல் மர்ஃபி லேப் என்ற தனிப்பிரிவைத் தொடங்கியது.

வெடிப்புக்கு அடுத்தது தேய்மானம். வலது முழங்கை அழுந்தும் மேல்விளிம்பில் வண்ணம் போயிருக்கும். இடுப்புப் பட்டையின் கொக்கி உரசிய பின்புறம் கரடுமுரடாக இருக்கும். கழுத்தில் கட்டைவிரல் ஓடிய இடம் வெறும் மரமாகியிருக்கும். வாசிக்கும் உடல் எங்கே படுமோ அங்கேதான் கிட்டார் தேயும். கண்ட இடத்தில் சுரண்டிய நகல் பார்த்தவுடன் பொய் என்று தெரிந்துவிடும். உலோகப் பாகங்களை அமில ஆவியில் வைத்து மங்கவும் துருப்பிடிக்கவும் செய்கிறார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்குகிறார்கள். ஒலியைப் பொறுத்தவரை பிக்கப்பின் சுருளில் எத்தனை சுற்று, எப்படிச் சுற்றியது என்பதே முக்கியம். 1956-இல் ஃபெண்டரில் சேர்ந்த அபிகெய்ல் யிபாரா என்ற தொழிலாளி 2013-இல் ஓய்வுபெறும்வரை பிக்கப் சுற்றினார். கஸ்டம் ஷாப்பில் அவர் சுற்றியவற்றில் தன் பெயரையும் எழுதி வைத்தார். ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலத்துப் பிக்கப்புகளைச் சுற்றிய அதே கைகள் என்பதால், அந்தக் கையெழுத்துள்ள பிக்கப்புக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் தனி மதிப்பு உண்டு. பெரிய கலைஞர்களின் பெயர்களால் நிரம்பிய இந்த வரலாற்றில், ஆலைத் தொழிலாளி ஒருவரின் பெயர் விலையை உயர்த்துவது நியாயமான அங்கீகாரம்.

நகல் தயாரிப்பு ஒருபுறம் முதிர்ந்துகொண்டிருக்க, மறுபுறம் அசல்களின் விலை ஏலக்கூடங்களில் ஏறியது. உட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த வெள்ளை ஸ்ட்ராடோகாஸ்டர் 1990-இல் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் 1,98,000 பவுண்டுக்குப் போனது. கிளாப்டன் தன் கிட்டார்களை 1999-இலும் 2004-இலும் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். ஆண்டிகுவா தீவில் அவர் நிறுவிய கிராஸ்ரோட்ஸ் போதை மறுவாழ்வு மையத்துக்கு நிதி திரட்டுவதே நோக்கம். முதல் ஏலத்தில் ‘பிரவுனி’ என்ற கிட்டார் 4,97,500 டாலருக்கும், இரண்டாவதில் ‘பிளாக்கி’ என்ற கிட்டார் 9,59,500 டாலருக்கும் விற்றன.

பிளாக்கியின் கதை நகல் வரலாற்றின் மையம். 1970-இல் நாஷ்வில்லில் ஷோ-பட் என்ற கடையில் பழைய ஸ்ட்ராடோகாஸ்டர்கள் மலிவாகக் கிடந்தன. கிளாப்டன் ஆறு வாங்கினார். மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகியோருக்குக் கொடுத்தார். எஞ்சிய மூன்றில் ஒன்றின் உடல், ஒன்றின் கழுத்து என நல்ல பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு கறுப்புக் கிட்டார் ஆக்கினார். அதுவே பிளாக்கி. 1973 ஜனவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் அது மேடை ஏறியது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் கழுத்தின் விளிம்புகள் தேய்ந்து தேய்ந்து, தந்தி நழுவும் அளவுக்கு ஒடுங்கியதும் 1985-இல் ஓய்வுக்குப் போனது.

ஏலத்தில் அதை வாங்கியவர் தனி மனிதர் அல்ல. கிட்டார் சென்டர் என்ற அமெரிக்கக் கடைத்தொடர். வாங்கியதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததோடு நிற்காமல், ஃபெண்டர் கஸ்டம் ஷாப்பின் கைவினைஞர்களிடம் கொடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கவிட்டது. அவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, படம் எடுத்து, 275 நகல்கள் செய்தார்கள். 2006 நவம்பர் 24 அன்று அவை சுமார் 20,000 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தன. அன்றே எல்லாம் தீர்ந்தன. கிளாப்டன் பயணத்தில் பயன்படுத்திய பெட்டியைப் போன்ற பெட்டியும் கூடவே வந்தது. வருவாயில் ஒரு பங்கு கிராஸ்ரோட்ஸ் மையத்துக்குப் போனது. ஏலத்தில் பத்து லட்சம் டாலரை நெருங்கிய ஒரு பொருளை வாங்கி, அதன் நகல்களால் போட்ட பணத்தை மீட்கலாம் என்பதை இந்த ஒரே நாள் விற்பனை காட்டிவிட்டது. அதற்குப்பின் புகழ்பெற்ற கிட்டார் ஏலம் போகும்போதெல்லாம், வாங்குபவர் மனத்தில் நகல் உரிமையும் ஒரு கணக்காக இருக்கிறது.

பிளாக்கிக்கு முன்பே வழி போட்டுக் கொடுத்தது டெக்சாஸ் கலைஞர் ஸ்டீவி ரே வானின் ‘நம்பர் ஒன்’. 1990-இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த அவரது கிட்டாரை அளந்து, ஃபெண்டர் கைவினைஞர் ஜான் குரூஸ் 2004-இல் 100 நகல்கள் செய்தார். இடக்கைக்காரர்களுக்கான அதிர்வுக் கட்டையை (டிரெமோலோ) வலக்கைக் கிட்டாரில் பொருத்தியது, தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட கரிவடு, உடலில் ஒட்டிய எழுத்துகள் எல்லாம் நகலிலும் இருந்தன. கிட்டார் சென்டர் 2004 ஏலத்தில் வாங்கிய வானின் இன்னொரு கிட்டாரான ‘லென்னி’க்கு 2007-இல் 185 நகல்களும், கிளாப்டனின் பிரவுனிக்கு 2013-இல் 100 நகல்களும் வந்தன.

அளவெடுப்பதே ஆராய்ச்சியாக மாறியது ராக் கலைஞர் எடி வான் ஹேலனின் கிட்டாரில். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எனப்படும் அதை அவர் 1970களில் தானே கூட்டிச் சேர்த்தார். கழிக்கப்பட்ட உடல் 50 டாலர், கழுத்து 80 டாலர். ஒரு கிப்சன் கிட்டாரிலிருந்து கழற்றிய பிக்கப்பை, கீச்சிடாமல் இருக்க உருகிய மெழுகில் முக்கிப் பொருத்தினார். கறுப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டைகளுக்குச் சைக்கிள் வண்ணம். பின்புறம் வண்டிகளில் ஒட்டும் சிவப்பு எதிரொளிப்பான்கள். அதிர்வுக் கட்டை ஒரு பக்கம் தாழாமல் இருக்க, அதனடியில் 1971-ஆம் ஆண்டின் கால் டாலர் நாணயம் ஒன்று. முன்னால் பொருத்திய இரண்டாவது பிக்கப் வேலை செய்யாது. பார்ப்பவரைத் திசைதிருப்ப வைத்தது. 2007-இல் ஃபெண்டரின் சிப் எல்லிஸ் குழு இதன் 300 நகல்களை 25,000 டாலர் விலையில் செய்தது. 300 கிட்டார்களிலும் வேலை செய்யாத அந்தப் பிக்கப்பும் இருந்தது. 1971-ஆம் ஆண்டு நாணயமும் இருந்தது.

இந்த நகலின் தரத்துக்குச் சான்று அதன் சொந்தக்காரரே தந்தார். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 2011-இல் வான் ஹேலன் கொடுத்த கிட்டார் அசல் அல்ல. ‘ஃபிராங்க் 2’ என்று அவர் பெயரிட்டு மேடையில் வாசித்த நகல். தேசிய அருங்காட்சியகம் ஒன்று நகலை ஏற்று வைத்தது இந்தத் தொழிலின் வரலாற்றில் முக்கியமான நிகழ்வு. வாசித்தவரின் கை பட்டதால் நகலுக்கும் தனக்கென ஒரு வரலாறு கிடைத்துவிட்டது.

கிப்சன் வேறொரு வழியில் போனது: ஒரே கிட்டாரை அடுக்கடுக்காக விற்பது. லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் 1969-இல் ஜோ வால்ஷிடம் வாங்கிய லெஸ் பாலை மூலமாகக் கொண்டு 2004-இல் நகல்கள் வந்தன. அவற்றில் 25 கிட்டார்களைப் பேஜ் தானே வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். 150 கிட்டார்கள் கையெழுத்தின்றிப் பழையதாக்கி மட்டும் விற்கப்பட்டன. அடுக்குகளுக்கிடையே விலை வித்தியாசம் மிகப் பெரிது. மரமும் கம்பியும் ஒன்றே. கலைஞரின் விரல் சில நிமிடங்கள் பட்டதற்கே அந்த வித்தியாசம்.

மூலத்தைக் கையில் வைத்துத்தான் நகல் செய்ய முடியும் என்பதில்லை. ஜான் மேயாலின் குழுவோடு 1966-இல் பதிவுசெய்த இசைத்தட்டில் கிளாப்டன் வாசித்த லெஸ் பால் அதே ஆண்டில் திருடுபோனது. இன்றுவரை பொதுவெளியில் தலைகாட்டவில்லை. அதற்கும் கிப்சன் நகல் வெளியிட்டது. எஞ்சிய புகைப்படங்கள், கிளாப்டனின் நினைவு, அதே காலத்து வேறு கிட்டார்களின் அளவுகள் ஆகியவையே ஆதாரம். இதை நகல் என்பதைவிட ஊகம் என்பதே பொருந்தும். அளவெடுத்துச் செய்த பிளாக்கியையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல.

இதற்கு நேர்மாறானது ‘கிரீனி’. ஃபிளீட்வுட் மேக்கின் பீட்டர் கிரீன் வாசித்த 1959 லெஸ் பால் இது. ஒரு பிக்கப்பின் காந்தம் திருப்பி வைக்கப்பட்டதால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது மூக்கடைத்தது போன்ற தனி ஒலி வரும். கிரீனிடமிருந்து கலைஞர் கேரி மூருக்கும், இடையில் வணிகர்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் போய், 2014-இல் மெட்டாலிக்காவின் கர்க் ஹாமெட்டிடம் வந்தது. கிப்சன் 2010-இல் தொடங்கிய சேகரிப்பாளர் வரிசையின் முதல் நகல் இதுவே. ஆனால் அப்போது அது வந்தது வாசித்தவர்களின் பெயரில் அல்ல, அன்றைய உரிமையாளரின் பெயரில். பெயரைப் பயன்படுத்தும் உரிமை வேறு, கிட்டாரின் உரிமை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஹாமெட் வாங்கியபின் 2023-இல் எண்ணிக்கைக் கட்டுப்பாடற்ற கிரீனிகளும், கிப்சனின் துணைப்பெயரான எபிஃபோனில் மலிவுப் பதிப்பும் வந்தன.

மிக விசித்திரமானது ஸ்லாஷின் கதை. அவர் கிட்டார் வாசித்த கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1987-இல் வந்தது. அதில் கேட்கும் புகழ்பெற்ற லெஸ் பால் கிப்சன் செய்ததே அல்ல. கலிபோர்னியாவில் கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் 1959 லெஸ் பாலைப் பார்த்துச் செய்த நகல் அது. இசைத்தட்டு வெளிவந்த ஆண்டிலேயே அவர் புற்றுநோயால் இறந்தார். தன் கிட்டாரின் புகழை அவர் பார்க்கவில்லை. 2010-இல் கிப்சன் அந்தக் கிட்டாரை அளந்து தன் பெயரில் நகல் வெளியிட்டது. மூலத்தைச் செய்த நிறுவனமே தன் மூலத்தின் நகலுக்கு நகல் செய்தது. டெரிக்கின் பெயர் இந்த வரலாற்றில் முன்வரிசையில் வைக்கப்பட வேண்டியது.

பெரிய நிறுவனங்களுக்கு வெளியே நடந்த நகல் முயற்சிகளில் குயின் குழுவின் பிரையன் மேயின் ‘ரெட் ஸ்பெஷல்’ தனி இடம் பெறும். பொறியாளரான தந்தை ஹரால்டோடு சேர்ந்து பள்ளிப்பருவத்தில் 1963 முதல் மே அதைச் செய்தார். கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் மகாகனி மரம். அதிர்வுக் கட்டைக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். விரற்பலகையின் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். பாகங்கள் எல்லாமே ஒருமுறை மட்டும் கிடைத்தவை என்பதால் நகல் எடுக்க மிகக் கடினமானது. கில்ட் நிறுவனம் 1980களில் செய்தவை மேயின் எதிர்பார்ப்பை எட்டவில்லை. ஆஸ்திரேலியாவின் கிரெக் ஃபிரையர் 1990களின் பிற்பகுதியில், மேயின் அனுமதியோடு அசலை நேரில் ஆராய்ந்து மூன்று நகல்கள் செய்தார். பிக்கப் செய்த பர்ன்ஸ் நிறுவனத்தின் பெயரையும் பீட்டில்ஸின் பெயர்களையும் கோத்து அவற்றுக்கு ஜான், பால், ஜார்ஜ் பர்ன்ஸ் என்று பெயர். அவை விற்பனைக்காகச் செய்தவை அல்ல. ஆனால் அசலைப் பற்றி அப்போது திரட்டிய அளவுகள் பின்னால் வந்த நகல்களுக்கு உதவின.

மரமும் இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்துகிறது. 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் நடத்திய நிகழ்ச்சியில் ஹாரிசன் வாசித்த டெலிகாஸ்டர் ஏறக்குறைய முழுக்க ஈட்டி மரத்தால் ஆனது. ஃபெண்டரின் ரோஜர் ரோஸ்மைஸ்லும் பிலிப் குபிக்கியும் அவருக்காகவே செய்தது. அதன் நகல்கள் 100 மட்டும் 2016-இல் பால் வாலரின் மேற்பார்வையில் வந்தன. அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே ஈட்டி இன மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வனவுயிர் வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்கு 2019 நவம்பரில்தான் கிடைத்தது. பழைய கிட்டார்களில் இருந்த பிரேசில் ஈட்டி 1992 முதலே மிகக் கடுமையான தடையின் கீழ் உள்ளது. அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. அதனால் ஈட்டி விரற்பலகை கொண்ட நகல்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்திய ஈட்டி. நீலகிரி, குடகு, வயநாட்டுக் காடுகளில் வளரும் தோதகத்தி மரமும் இதுவே. எத்தனை கவனமாகச் செய்த நகலிலும் மாறிவிடும் பாகம் இது என்பதால், சேகரிப்பாளர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

வாங்கிச் சேர்ப்பவர்கள் பார்க்கும் மற்றவையும் உண்டு. வரிசை எண், கைவினைஞர் கையெழுத்திட்ட சான்றிதழ், கூடவே வந்த பெட்டி, தோள்பட்டை வார், துண்டுச்சீட்டுகள் எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் இருக்க வேண்டும். சான்றிதழ் தொலைந்த நகலின் விலை சரிந்துவிடும். ஏனென்றால் கிட்டாரை மட்டும் பார்த்து அது நிறுவனம் செய்த நகலா, திறமையான தனியார் செய்ததா என்று சொல்வது கடினம். பிக்கப்பை மாற்றினாலும் மதிப்புக் குறையும். மூலக் கிட்டாரில் கலைஞர் தன் விருப்பப்படி எதையும் மாற்றியிருக்க, நகலில் எதையும் மாற்றக் கூடாது என்ற நிலை இது.

‘இத்தனை மட்டுமே’ என்ற வாக்குறுதி அந்தத் தொகுப்புக்கு மட்டும் பொருந்தும் என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். ஜிம்மி பேஜின் இரட்டைக் கழுத்துக் கிட்டாருக்கு 2007-இல் நகல்கள் வந்தன. 2024-இல் சுமார் 50,000 டாலர் விலையில் இன்னும் 50 வந்தன. புதிய பதிப்பு துல்லியமானதாக இருந்தால் பழையதின் மவுசு குறையும். ராக் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டருக்கு 2008-இல் ஃபெண்டர் எண்ணிக்கை வரம்பே வைக்கவில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தது. ஆனாலும் அசலின் மதிப்பு குன்றவில்லை. 2019-இல் அது 39,75,000 டாலருக்கு ஏலம் போனது. தொகை சுற்றுச்சூழல் வழக்குகளை நடத்தும் கிளையண்ட்எர்த் அமைப்புக்குச் சென்றது. வாசிக்க விரும்புவோருக்கு கில்மோரின் வழியே மேலானது.

தேய்மானத்தை விலைக்கு வாங்குவது போலித்தனம் என்று சொல்பவர்கள் தொடக்கம் முதலே உண்டு. அயர்லாந்தின் ரோரி கலாகரின் 1961 ஸ்ட்ராடோகாஸ்டரைப் பார்த்தால் அந்த வாதத்தின் வலு தெரியும். கார்க் நகரின் குரோலி கடையில் 1963-இல் 100 பவுண்டுக்கு வாங்கிய கிட்டார். ஒருமுறை திருடுபோய், மழையில் கிடந்து, திரும்பக் கிடைத்தது. முப்பது ஆண்டு வியர்வையில் வண்ணத்தில் பெரும்பகுதி உதிர்ந்து மரம் தெரிந்தது. விரற்பலகையில் உதிர்ந்த ஒரு புள்ளிக்குப் பதிலாக வெள்ளைப் பிளாஸ்டிக் வைத்தார். அவர் 1995-இல் இறந்தபின் ஃபெண்டர் செய்த நகலிலும் அந்த ஒற்றை வெள்ளைப் புள்ளி இருக்கிறது. ஒருவரின் உழைப்பை அந்த நகலை வாங்குபவர் பெற்றுவிட முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கிட்டாரின் எடை, கழுத்தின் பருமன், தந்திகளின் உயரம், பிக்கப்பின் ஒலி எல்லாம் எழுத்திலும் படத்திலும் அடங்காத தகவல்கள். வேறொரு கிட்டாராகச் செய்து வைத்தால்தான் நிலைக்கும். அந்த வகையில் கவனமாக அளந்து செய்த நகல் ஓர் ஆவணம். பெட்டியைத் திறக்காமலே வைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களால் அந்த ஆவணம் யாருக்கும் பயன்படாமல் போகிறது.

கலாகரின் அசல் 2024 அக்டோபரில் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 8,89,400 பவுண்டுக்கு விற்றது. வாங்கிய லைவ் நேஷன் கெயட்டி நிறுவனம் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக அறிவித்தது. அது இனி நாட்டின் சொத்து. அதன் கழுத்தைக் கையில் பிடித்துப் பார்க்க விரும்பும் சாதாரண இசைக்கலைஞருக்கு எஞ்சியிருப்பவை நகல்கள்தான். அவற்றை வைத்திருப்பவர்கள் வாசிக்க வேண்டும், வாசிக்கத் தெரிந்தவர்களின் கையிலும் கொடுக்க வேண்டும்.